இன்னொரு கையின் சோறு

வளவில் தேங்காய் பிடுங்க வருகிற கந்தப்பு அண்ணை சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய துணிப் பையை எடுத்து விறாந்தையில் வைத்தார். பை தானாக நகர்ந்தது. ஞானாம்பிகை ஒரு கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"பயப்பிடாதையுங்கோ ரீச்சர். அசல் சண்டிலிப்பாய்ச் சாமான். தாய் சரியான பொல்லாதது. தபால்காரன் ஒழுங்கை முகப்பிலையே நிண்டு மணியடிச்சிட்டுப் போயிடுவான், உள்ளுக்கு வரமாட்டான்."

பைக்குள்ளிருந்து வெளிப்பட்டதில் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. தோட்டத்துச் செம்மண்ணைப் பிசைந்து பிடித்து, கால்களை அவசரத்தில் ஒட்டிவிட்டது போல ஒரு நாய்க்குட்டி. சீமெந்துத் தரையில் வழுக்கி வயிறு தட்ட விழுந்து, விழுந்த இடத்தில் இருந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தது.

"வீமன் எண்டு பேர் வையுங்கோ," என்றார் கந்தப்பு. "பேரைக் கேட்டாலே ஒரு நடுக்கம் வரவேணும்."

கொக்குவிலில் ரெயில் பாதைக்குக் கிட்ட, சுற்றிவர மதில் கட்டிய பெரிய வளவுக்குள் ஞானாம்பிகை தனியாக இருந்தாள். மனையியல் ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. கூட இருந்த அக்கா, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். போன மாரிகாலத்தில் அதே ஒழுங்கையில் ஓடு பிரித்துக் கள்ளர் இறங்கினார்கள். அதன் பிறகுதான் நாய் என்ற எண்ணமே அவளுக்கு வந்தது.

காவல் நாய் வளர்க்கும் முறையை அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எல்லா வீடுகளிலும் அது ஒன்றுதான். குட்டியை வெளியாட்களின் கண்ணில் காட்டக் கூடாது. அயலவர் தொடக் கூடாது. ஒரு கையால் மட்டும் சோறு.

"ஆக்கள் தடவிப் பழகின நாய் கள்ளனுக்கும் வாலாட்டும்," என்று கந்தப்பு கேற்றின் கம்பிகளுக்குப் பின்னால் தகரம் அடித்துக்கொண்டே சொன்னார். "கோப்பையிலை வைச்சிட்டுப் போற பழக்கமும் வேண்டாம். உங்கடை உள்ளங்கையிலை இருந்துதான் அவன் தின்ன வேணும். கள்ளன் முதல் எறியிறது மருந்து வைச்ச மீன் துண்டுதானே."

அவள் அப்படியே செய்தாள். காலையும் பின்னேரமும் குசினி வாசற்படியில் இருந்து, பருப்பும் பாலும் விட்டுப் பிசைந்த சோற்றைச் சிறு உருண்டைகளாக உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குட்டி அதை எடுத்துத் தின்ற பிறகும் கையை விடாமல் நக்கியது. அந்த நாக்கின் சூடு முதல் நாள் அவளைத் திடுக்கிட வைத்தது. எத்தனையோ வருடங்களாக அந்தக் கைக்குள் வெண்கட்டியும் அகப்பைக் காம்பும் குடைப்பிடியும் மட்டுந்தான் இருந்திருக்கின்றன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் கையைக் கழுவ எழும்பாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

"கடைசிப் பாடம் ஒண்டு மிச்சம் இருக்கு," என்றார் கந்தப்பு, அடுத்த முறை தேங்காய் பிடுங்க வந்தபோது. "வேறை ஆக்களின்ரை கையாலை ஒருக்கா மிளகாய்த்தூள் பிரட்டின மீன் துண்டு குடுக்க வேணும். அதோடை சரி. செத்தாலும் பிறத்தியார் கையிலை வாய் வைக்கான். எங்கடை ஊரிலை எல்லா நாயும் பாஸ் பண்ணினது உந்தச் சோதினைதான்."

மீன் சமைக்காத வீடு அது. மீனும் வேண்டும், பிறத்தியாரும் வேண்டும். ஞானாம்பிகைக்கு எதிர் வீட்டு அற்புதராணியின் நினைவு வந்தது.

அற்புதராணி குருநகரில் பிறந்தவள். கணவன் றெஜி அங்கிருந்து கடலுக்குப் போகிறவன். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக எதிர் வீட்டை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்தில் நின்று "என்ன ரீச்சர், வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்பாள். ஞானாம்பிகை "ஓம்" என்பாள். அதற்கு மேல் அந்தக் கதை ஒருநாளும் போனதில்லை. நத்தாருக்குக் கேக் கொண்டு வந்து தந்தபோதும் கேற்றடியில் நின்றே வாங்கினாள். அவளுக்கு அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் தாய் தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. அது ஒரு முடிவு என்றுகூட அவள் எண்ணியதில்லை.

அன்று அவளே ஒழுங்கையைக் கடந்து போனாள்.

"உள்ளுக்கு வாங்கோ ரீச்சர்," என்று அற்புதராணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இல்லை, ஒரு உதவி." அவள் வாசலிலேயே நின்று விசயத்தைச் சொன்னாள்.

அற்புதராணியின் முகம் மாறியது. "அந்தச் சின்னனுக்கோ? மிளகாய்த்தூளோ?"

"ஒருக்காத்தான். அதுக்கு நல்லதுக்குத்தான்."

அற்புதராணி அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி ரீச்சர். நீங்கள் ஒருநாளும் ஒண்டும் கேட்டு வரேல்லை. முதல் முதல் கேக்கிறியள், எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது."

கேற்றைப் பாதி திறந்து, அந்த இடைவெளியால் அற்புதராணி கையை நீட்டினாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கவ்வியது. பிறகு கேட்ட சத்தத்தை ஞானாம்பிகை அதற்கு முன் கேட்டதில்லை. அது வளவு முழுக்க ஓடி, நாக்கை மண்ணில் தேய்த்து, கடைசியில் அவளின் கால்களுக்கிடையில் வந்து புகுந்து நடுங்கியது. கேற்றுக்கு வெளியே அற்புதராணி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வீமன் பாஸ் பண்ணிவிட்டான். அதன் பிறகு எந்தக் கை எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பினான்.

ஆனால் அந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தவே இல்லை. காய்ந்த தென்னோலை விழுந்தால் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தான். குடையை விரித்தால் ஓடினான். மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் அசையாமல் நின்றபோதே அவரின் காற்சட்டையைப் பிடித்துக் கிழித்தான். கிழித்துக்கொண்டிருக்கும்போதே பயத்தில் மூத்திரம் போனான். தடுப்பூசிக்கு ஓட்டோவில் கொண்டுபோன அன்று மிருக வைத்தியரின் மேசையில் அவனின் உடம்பு முழுவதும் அதிர்ந்தது. வைத்தியர் ஒரு சின்னப் பெண். கையுறை போட்ட விரலைக் கடி படாமல் இழுத்துக்கொண்டு, குரல் உயராமல் சொன்னாள்:

"ரீச்சர், இவர் கோபக்காரன் இல்லை. பயந்துபோனவர். பயந்த நாய்தான் ஆரெண்டு பாக்காமல் கடிக்கும். கள்ளனையும் கடிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். இப்பவே வெளியிலை கூட்டிக்கொண்டு திரியுங்கோ. ஆக்களைக் காட்டுங்கோ, சத்தங்களைக் காட்டுங்கோ. வளர்ந்த பிறகு கஷ்டம்." ஊசியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "நீங்கள் ரெண்டு நாள் எங்கையும் போனால் ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

ஞானாம்பிகை கைப்பையைத் தோளில் மாட்டினாள். அதற்குள் பெரியாஸ்பத்திரித் துண்டு இருந்தது. கர்ப்பப்பையில் வளர்ந்திருந்த கட்டிகளுக்காக அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, அடுத்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அனுமதிக்க நாள் கொடுத்திருந்தார்கள். குறைந்தது ஒரு கிழமை அங்கே. அக்காவுக்குத் தொலைபேசியில் "சும்மா ஒரு செக்கப்" என்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொந்த அலுவல் என்று விடுப்புக் கேட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்துவிட்டதாக நினைத்திருந்தாள். தன் கையைத் தவிர வேறு கையில் தின்னாத ஒரு உயிர் வீட்டில் இருப்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் கேற்றைத் திறந்து, கயிற்றில் கட்டிய வீமனோடு ஒழுங்கையில் இறங்கினாள்.

இறங்கினாள் என்றுதான் சொல்ல முடியும். அவன் வாசலில் படுத்துவிட்டான். அவள் நின்றாள். அவனின் மூக்கு மட்டும் வெளியே நீண்டு, காற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி இழுத்தது. எதிர்வீட்டில் திருவிய தேங்காய், யாரோ எறிந்த தோடம்பழத் தோல், இரவு போன மாடு, மழைக்கு முந்திய மண். அவளுக்கு வராத வாசனைகள் எல்லாம் அவனின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது. இந்த ஒழுங்கையில் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், படிப்பித்துத் திரும்பியவள். அது இவ்வளவு நிறைந்திருந்தது என்று அவள் நினைத்ததே இல்லை.

அன்று மதில் மூலை வரைக்கும். மறுநாள் கடைச் சந்தி. இன்னொரு நாள் மா அரைக்கிற மில்லடி, அதன் இரைச்சலுக்கு அவன் தலைதெறிக்கத் திரும்பி அவளின் சேலைக்குள் புகுந்தான். அவள் தூக்கிக்கொள்ளவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. மில்லுக்கு எதிரே ஒரு கல்லில் இருந்தாள். சேலைக்குள்ளிருந்து முதலில் ஒரு காது வந்தது. பிறகு கண். பிறகு முழுத் தலையும் வந்து, இரைகிற அந்த இருட்டு வாசலைப் பார்த்தபடி நின்றது. நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே பார்த்தான். பயம் போன பிறகுதான் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அவள் இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். இவனோ பயத்தையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறான்.

நாயோடு நடக்கிறவளை யாரும் சும்மா விடுவதில்லை.

"ஆரின்ரை குட்டி ரீச்சர்?"

"என்ரைதான்."

"பேர்?"

"வீமன்."

"வீமனோ? உது கொடியிலை காயிற சீலைக்கெல்லோ குலைக்குது."

அவள் சிரித்ததைக் கடைக்காரர் வியப்போடு பார்த்தார்.

ரெயில் கடவையில்தான் அது நடந்தது. முதல் நாள் ரெயில் வந்தபோது வீமன் தரையோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். பல நாள் அதே நேரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு காலை, கடவை மணி அடிக்கவில்லை, பாதை வெறுமையாகக் கிடந்தது. வீமன் நடந்துகொண்டிருந்தவன் நின்றான். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகத் திரும்ப வைத்தான். காதுகள் நிமிரவில்லை, அவன் கேட்கவில்லை, காலால் எதையோ வாங்கிக்கொண்டிருந்தான். ஞானாம்பிகை சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. குனிந்து உள்ளங்கையைத் தார் வீதியில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, தொலைவில் எவரோ உறக்கத்தில் முனகுவது போல, மண்ணுக்குள் ஒரு அதிர்வு. கொழும்புக்குப் போகிற ரெயில் இன்னும் இணுவிலைத் தாண்டியிருக்காது. அது வருமுன்னே அதன் வருகை இந்த மண் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருடம் அவள் செருப்போடு அதன் மேல் நின்றிருக்கிறாள். மணி அடித்தது, தடுப்பு இறங்கியது, ரெயில் வந்தது. வீமன் கண்ணை மூடவில்லை. பெட்டி பெட்டியாகக் கடந்து போவதைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். போன பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான், கண்டாயா என்று கேட்பது போல.

கண்டேன் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். 

இணுவிலுக்கும் ஒருநாள் நடந்தார்கள். கோயில் வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டில் யாரோ தவில் பழகிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓடுவான் என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அவன் மதிலோரமாக இருந்துவிட்டான். ஒவ்வொரு அடிக்கும் முதுகு மயிர் எழும்பி அடங்கியது. அடி நின்ற இடைவெளிகளிலும் எழும்பியது. அடுத்த அடி எங்கே விழும் என்று அந்தச் சின்ன உடம்பு முன்னமே அறிந்து காத்திருப்பதைக் கண்டபோது அவளுக்குக் கை கூப்ப வேண்டும் போல இருந்தது. யாரை நோக்கி என்று தெரியவில்லை.

மனிதரைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், பள்ளிக்கூடம் விடும்போது சைக்கிள்களின் பெருக்குக்கு நடுவே நின்றான். பல்லைக் காட்டுவது குறைந்து, பிறகு நின்றது. ஆனால் சோறு மட்டும் அவளின் கையிலிருந்துதான்.

ஆஸ்பத்திரி நாள் நெருங்கியது. அவள் மறுபடியும் ஒழுங்கையைக் கடந்துபோய், ஒரு கிழமை வீட்டில் இருக்கமாட்டேன் என்றாள்.

"எங்கை ரீச்சர் போறியள், கனடாவுக்கோ?" என்று கேட்டாள் அற்புதராணி.

"இல்லை. ஆஸ்பத்திரிக்கு."

"என்ன செய்யுது?"

சும்மா செக்கப் என்ற சொல் வாய்வரை வந்தது. "கர்ப்பப்பை எடுக்கப் போகினம்," என்றாள். சொன்ன பிறகு தன் காதாலேயே அதைக் கேட்டாள். முதல் தடவையாக அந்தச் சொல் அவளின் வாயை விட்டு வெளியே வந்திருந்தது.

அற்புதராணி வாயைப் பொத்தவில்லை, ஐயோ என்று சொல்லவும் இல்லை. "எங்கடை மாமிக்கும் எடுத்தவை. பேந்து ரெண்டு மாசத்திலை குருநகரிலை இருந்து பாசையூர் மட்டும் நடந்து போய்ச் சண்டை பிடிச்சிட்டு வந்தவ. ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. ஆர் உங்களோடை நிக்கிறது?"

"ஆரும் தேவையில்லை. நேர்சுமார் இருக்கினம்தானே. வீமனுக்குத்தான் ஆள் வேணும்."

அற்புதராணி தன் வலது கையைப் பார்த்தாள். "அவன் என்ரை கையிலை தின்னுவானோ ரீச்சர்?"

முயன்று பார்த்தார்கள். ஒருநாள் ஞானாம்பிகை காலை உணவு கொடுக்காமல், அவனை அற்புதராணியின் வளவில் விட்டுப் பள்ளிக்கூடம் போனாள். படிப்பித்த பாடம் எதுவும் அவளின் மனதில் நிற்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது அற்புதராணி நிலத்தில் சம்மணமிட்டு இருந்தாள். முன்னால் ஒரு கோப்பையில் பாற்சோறு, ஒன்றில் பொரித்த சூடைமீன், ஒன்றில் பாண் துண்டு. எல்லாவற்றிலும் எறும்பு. வீமன் சற்றுத் தள்ளி இருந்தான். வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணில் ஒரு ஈரத்தை உண்டாக்கியிருந்தது.

"பாத்தியளே ரீச்சர்," என்றாள் அற்புதராணி களைத்துப்போய். "காலமையிலை இருந்து உப்பிடித்தான். மூக்கு நடுங்குது, வயிறு கூப்பிடுது, கண் என்ரை கையை விட்டு அசையேல்லை. ஆனால் வாய் திறக்கேல்லை. என்னை ஒரு பொலிஸ்காரியைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான்."

ஞானாம்பிகை அவனுக்கு முன்னால் முழந்தாளிட்டாள். தன் கையில் ஒரு பிடி எடுத்து நீட்டினாள். அவன் விழுந்தடித்துத் தின்றான். விரல்களுக்கிடையிலும் தேடினான். அவளின் கண் நிறைந்தது. இதில் பெருமைப்பட ஏதோ இருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஒரு உயிர் தன்னைத் தவிர வேறெவரையும் நம்பாமல் பசித்திருக்கிறது. அதே கணத்தில் அவளுக்குக் குளிர்ந்தது. தான் திரும்பி வராமல் போனால் இவன் இப்படியே, சோற்றுக்கு முன்னாலேயே இருந்து செத்துப்போவான். தன் கை இவ்வளவு பெரிய கதவாக இருப்பதை அவள் விரும்பவில்லை. அதை எப்படித் திறப்பது என்றும் தெரியவில்லை.

அதன் பிறகும் முயன்றார்கள். அற்புதராணியின் கைக்கு மேல் ஞானாம்பிகை தன் கையை வைத்தாள். அவன் அவளின் கையை மட்டும் நக்கினான். ஞானாம்பிகை கிட்ட நின்று "தின்னடா" என்றாள். அவன் ஓடிவந்து அவளின் வெறுங்கையை முகர்ந்தான். கந்தப்பு அண்ணை வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சோதினை வைக்கிற வழிதான் எங்களுக்குத் தெரியும் ரீச்சர். பெயில் ஆக்கிற வழி ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

திங்கட்கிழமை அனுமதி. அதற்கு முந்திய நாள் காலை, பூசைக்கு வெளிக்கிட்டு நின்ற அற்புதராணி ஒழுங்கையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். "ரீச்சர், மத்தியானம் எங்கடை வீட்டை. குழையல் போடுறன். சைவம்தான். புதுச் சட்டி, மீன் பட்ட அகப்பை ஒண்டும் தொடமாட்டன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் ஒருநேரம் வடிவாச் சாப்பிட வேணும்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் திறந்தது. வீமனின் ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. இன்னொரு முறை முயலலாம். அதற்காகவே போகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முருங்கை மர நிழலில் பாய் விரித்திருந்தது. றெஜி சாரத்தோடு ஒரு பக்கம் இருந்தான், விடியக் கரைக்கு வந்தவனின் கண்ணில் இன்னும் நித்திரை. "இருங்கோ ரீச்சர்," என்று இடம் விட்டுத் தள்ளி இருந்தான். மகள் டிலக்ஷி தகப்பனுக்குப் பக்கத்தில். ஞானாம்பிகை பாயின் ஓரத்தில் இருந்து, கயிற்றைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். வீமன் அவளுக்குப் பின்னால் படுத்தான்.

அற்புதராணி பெரிய தாச்சியை நடுவில் வைத்து அதற்கு முன்னால் இருந்தாள். சோற்றுக்குள் பருப்பு, பூசணிக்காய்ப் பாற்கறி, கீரை, கத்தரிக்காய், கொஞ்சம் தயிர். எல்லாவற்றையும் கொட்டிக் கையால் குழைத்தாள். மணிக்கட்டு வரை சோறு. கோப்பை ஒருவருக்கும் இல்லை. ஒரு உருண்டை பிடித்து றெஜியின் கையில் வைத்தாள், அடுத்ததை டிலக்ஷியின் கையில்.

"என்னம்மா, உறைப்பே இல்லை," என்றாள் டிலக்ஷி.

"ரீச்சருக்கு வயித்துக்கு ஆகாது. பேசாமல் தின்."

மூன்றாவது உருண்டை ஞானாம்பிகைக்கு முன்னால் வந்து நின்றது. அவள் கையை நீட்ட வேண்டியிருந்தது. கோப்பையில் தந்தால் வாங்கலாம், கரண்டியால் போட்டால் வாங்கலாம். இதற்கு உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். விரித்தாள். சோறு சூடாக, இன்னொருவரின் விரல்கள் அழுத்திய தடங்களோடு, உள்ளே வந்து இருந்தது. தாய் குழைத்துத் தந்த காலம் எப்போதோ. அதன் பிறகு ஒருவரும் அவளின் கையில் சோறு வைக்கவில்லை. அவள் அதை வாயில் போட்டாள். பூசணிக்காய் இனித்தது.

"நல்லாயிருக்கோ?"

அவள் தலையாட்டினாள்.

பின்னால் வீமன் எழும்பும் சத்தம் கேட்டது.

சுற்று தொடர்ந்தது. றெஜி, டிலக்ஷி, ஞானாம்பிகை. ஒருவருக்கு வைத்த கை அடுத்தவரிடம் போனது. றெஜி கடலில் வலை சிக்கின கதை ஒன்றைச் சொன்னான். "வலைக்குள்ளை மீன் இல்லை ரீச்சர், ஆரோ விட்ட ஒரு சப்பாத்து. அதுவும் ஒத்தைச் சப்பாத்து." டிலக்ஷி விழுந்து சிரித்தாள். நாயை ஒருவரும் கூப்பிடவில்லை. வா என்றும் தின் என்றும் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் அவனை இருத்தி வைத்து, முகத்துக்கு நேரே நீட்டி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். இன்று அவரவர் வாய்க்குள் சோறு இருந்தது.

வீமன் ஞானாம்பிகையின் முழங்கையைத் தாண்டி முன்னே வந்தான். அவளின் கையை முகர்ந்தான். அதில் அவளின் மணத்துக்கு மேல் அற்புதராணியின் கை மணம் இருந்திருக்க வேண்டும். மீண்டும் அந்தக் கை வந்து அவளின் கையில் உருண்டை வைத்தபோது, அவனின் தலை அந்தக் கையோடு போய், அவளின் கையோடு திரும்பி, அவளின் வாய்வரை ஏறியது. அவள் மென்றாள். அவன் பார்த்தான். மில் வாசலைப் பார்த்த அதே பார்வை. உடம்பு நடுங்கியது, கண் விலகவில்லை. பிறகு டிலக்ஷிக்கும் அவளுக்கும் இடையில் இருந்த வெளியில், ஒரு ஆள் இருப்பது போல, குந்தி இருந்தான்.

அற்புதராணி அதைக் கண்டாள். கண்டதாகக் காட்டவில்லை. றெஜிக்கு வைத்தாள், டிலக்ஷிக்கு வைத்தாள். அடுத்த உருண்டையைச் சின்னதாகப் பிடித்தாள். கை அதே வேகத்தில், நிற்காமல், அடுத்து இருந்தவனிடம் வந்தது.

வீமன் அந்தக் கையை முகர்ந்தான். விரல் நுனிகளை, உள்ளங்கையை, மணிக்கட்டை. நெடுநேரம் போல இருந்தது. அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தகரக் கேற்றின் இடைவெளியால் வந்த கை. நாக்கில் நெருப்பு வைத்த கை. அவன் மறந்திருக்கவில்லை என்பதை அவனின் பின்னே ஒடுங்கிய காதுகள் சொல்லின. அவன் திரும்பி ஞானாம்பிகையைப் பார்த்தான். அவளின் வாய் நிறையச் சோறு. தின்னடா என்று சொல்ல முடியாது. கையிலும் சோறு. அவளால் செய்யக் கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அவள் மென்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

வீமன் திரும்பி, அற்புதராணியின் கையிலிருந்து சோற்றை எடுத்தான்.

 றெஜியின் கதை பாதியில் நின்றது. முருங்கைப் பூ ஒன்று பாயில் விழுந்தது.  ரெயில் கடவையில் தார் வீதிக்குள் உணர்ந்ததை விடப் பெரிய ஒன்று, சத்தமே இல்லாமல், ஞானாம்பிகைக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்து போனது. தெரிந்துகொண்டே, நடுங்கிக்கொண்டே, எரித்த கையில் வாய் வைக்க இந்தச் சின்ன உயிருக்கு எங்கேயிருந்து துணிவு வந்தது? அதை யாரும் பழக்கவில்லை. யாராலும் பழக்கவும் முடியாது. அவனே கடந்து போனான். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள், பார்க்கக் கிடைத்தது.

"பேந்து?" என்று அற்புதராணி றெஜியைக் கேட்டாள். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஒத்தைச் சப்பாத்தை என்ன செய்தனியள்?"

"என்ன செய்யிறது, மற்றது வருமெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம்."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையை ஞானாம்பிகையின் கையில் வைத்தாள். வைத்தபோது விரல்கள் சற்று நேரம் அங்கேயே நின்றன. "நாளைக்கு எத்தினை மணிக்கு ரீச்சர் போகவேணும்? ஓட்டோவுக்குச் சொல்லிப்போட்டன். நான் வந்து உங்களைக் கட்டிலிலை விட்டிட்டுத்தான் வருவன். வேண்டாம் எண்டு சொல்லாதையுங்கோ, வாயிலை சோறு இருக்கு."

ஞானாம்பிகை சோற்றை விழுங்கினாள். "எட்டு மணிக்கு," என்றாள்.

கை மறுபடி றெஜியிடமிருந்து தொடங்கியது. வீமன் தன் இடத்தில் நிமிர்ந்து இருந்தான். முறை டிலக்ஷிக்கு வந்தபோது அவனின் வால் மண்ணில் ஒருமுறை தட்டியது. அவனின் கண் இப்போது ஞானாம்பிகையிடம் இல்லை. வந்துகொண்டிருந்த கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தன் முறைக்குக் கையை விரித்து வைத்தாள்.